குச்சி ஓட்டலில் இரண்டு பேர்

"நீ போய் உக்காரு. நான் வண்டிய நிறுத்திட்டு வர்றேன்."

இன்னாசிமுத்து தன் மனைவி கிருபாராணியிடம் கடைசியாகச் சொன்னது இதுதான். விடைபெறும்போது சொல்லத் தகுந்த வாக்கியம் அல்ல. ஆனால் அது விடைபெறுகிற நேரம் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

ஓசூரில் ராயக்கோட்டை சாலையில் ஒரு மண்டபம். கூட வேலை செய்கிறவரின் மகளுக்குக் கல்யாணம். கிருபாராணி அரக்கு நிறச் சேலையின் மடிப்பை நீவிக்கொண்டு, "சீக்கிரம் வந்துருங்க. தனியா உக்கார வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். வண்டி நிறுத்த இரண்டு நிமிடம் ஆனது. வாசலில் நின்ற கம்பெனி ஆட்களோடு சம்பள உடன்படிக்கையைப் பற்றிப் பேசி முடிக்க முப்பத்தைந்து நிமிடம் ஆனது. உள்ளே போனபோது ஏழாவது வரிசையைச் சுற்றிக் கூட்டம். அவள் நாற்காலியில் தலை சாய்ந்து கிடந்தாள். மாரடைப்பு என்றார்கள். பக்கத்து நாற்காலியில் அவளுடைய கைப்பை இருந்தது. அவருக்கு இடம் போட்டு வைத்திருந்தாள்.

அது ஒன்றும் புதிதாக நடந்ததல்ல. இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அந்த வாக்கியத்தை அவர் சொல்லாத வாசல் கிடையாது. கோயில் பூசைக்கு அவர் வருவதற்குள் பிரசங்கம் முடிந்திருக்கும். மகள் ஃபெபா பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலிலும் அதையே சொன்னார். வண்டியை நிறுத்திவிட்டு, டீ குடித்துவிட்டு, தெரிந்தவர் ஒருவரைப் பார்த்துவிட்டு மேலே போனபோது குழந்தையைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றியிருந்தார்கள். "உங்கப்பா வண்டிய நிறுத்திட்டு வந்துட்டாரு பாரு" என்று கிருபாராணி குழந்தையிடம் சொன்னாள். அவர் சிரித்தார். நல்ல ஜோக் என்றுதான் நினைத்தார்.

சிப்காட்டில் பற்சக்கரம் செய்யும் கம்பெனியில் அவர் தரப் பரிசோதகர். மயிரிழை பிசகினாலும் தூக்கிச் சிவப்புப் பெட்டியில் போட்டுவிடுவார். அவர் கண்ணுக்குத் தப்பிப் பழுதான சக்கரம் ஒன்றுகூட வெளியே போனதில்லை என்று கம்பெனியில் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். வீட்டில் அப்படி யாரும் கொடுக்கவில்லை.

அவள் போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அவர் சமைக்கக் கற்றுக்கொண்டார். மொட்டை மாடியில் பெயிண்ட் வாளிகளில் அவள் வளர்த்த மிளகாய்ச் செடிகளுக்குத் தினமும் தண்ணீர் விட்டார். ஒவ்வொரு செடிக்கும் ஒரு மூங்கில் குச்சியை நட்டு நூலால் கட்டியிருந்தாள். அவள் கட்டிய முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை.

ஒரே ஒரு விஷயம் மட்டும் அவரை அரித்தது. குச்சி ஓட்டல்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை கிருபாராணி பெங்களூரில் ஒரு மாதா கோயிலுக்குப் போவாள். பேருந்து மேம்பாலத்தில் போகும்போது ஒரு வணிக வளாகத்தின் மூன்றாவது மாடி நேர் எதிரே வரும். அங்கே பெரிய கண்ணாடிக்குப் பின்னால் ஓர் ஓட்டல். பலகையில் ஆளுயரத்துக்கு இரண்டு குச்சிகள் ஒரு நூடுல்ஸைத் தூக்கிப் பிடித்திருக்கும். சீனம், தாய்லாந்து, ஜப்பான் என்று கிழக்கே இருக்கிற எல்லா நாட்டுச் சாப்பாடும் கிடைக்கும் என்று எழுதியிருக்குமாம். பெயர் அவள் வாயில் நுழையவில்லை. குச்சி ஓட்டல் என்று வைத்துவிட்டாள்.

"ஒரு தடவ போலாங்க."

"அங்க என்னா இருக்கு? மண்புழுவ வேக வெச்சுக் குடுப்பான்."

"மண்புழுவா இருந்தாலும் பரவால்ல. எதிர் எதிர உக்காந்து சாப்பிடலாம்ல. நம்ம வீட்டுல நீங்க டிவியப் பாத்துத் திங்கறீங்க. நான் செவுத்தப் பாத்துத் திங்கறேன்."

"அடுத்த மாசம் பாப்போம்."

அடுத்த மாதம் அவருக்கு ஓவர்டைம் வரும். அல்லது முதுகு வலிக்கும். இப்படியே ஆறு வருடம் பார்த்தார்கள். பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். விட்டது தொல்லை என்று இருந்தார்.

இப்போது போகவேண்டும் என்று தோன்றிவிட்டது. ஒரே ஒரு தடவை அந்த ஓட்டலில் எதிர் நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தால், அவளுக்குக் கொடுத்த வாக்கில் ஒன்றாவது நிறைவேறும் என்று நினைத்தார். அவருடைய பிரிவில் வேலை செய்யும் பிரதாப்பிடம் போனை நீட்டினார்.

"சனிக்கெழம மத்தியானம் ஒரு டேபிள் போட்டுக் குடுப்பா."

பிரதாப் தட்டிப் பார்த்தான். "ஒருத்தருக்குப் போட மாட்டேங்குதுண்ணே. ரெண்டு பேர்ல இருந்துதான் டேபிள்."

"ரெண்டுன்னே போடு."

பிரதாப் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தான். "என்னா விசேஷம்னு கேக்குதுண்ணே. பொறந்த நாளு, கல்யாண நாளு, ஆபீஸ் பார்ட்டி, மூணுதான் இருக்கு."

"நினைவு நாள் இல்லியா?"

"அதுக்கெல்லாம் யாருண்ணே சீனா ஓட்டலுக்குப் போறாங்க?"

"சரி, கல்யாண நாள்னு போட்டு விடு."

அந்தச் சனிக்கிழமை அத்திப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டி, லாரிகளுக்கு நடுவே வண்டியை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். வளாகத்தின் அடித்தளத்தில் நுழைந்ததுமே, தூணை ஒட்டி வண்டி நிறுத்த இடம் கிடைத்துவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவருக்கே ஏமாற்றமாக இருந்தது.

ஓட்டல் வாசலில் கறுப்புக் கோட்டுப் போட்ட பெண் நின்றிருந்தாள். மார்பில் வினிதா, மேலாளர் என்று இருந்தது. கன்னடத்தில் ஆரம்பித்தவள் அவருடைய கன்னடத்தைக் கேட்டதும் தமிழுக்கு மாறினாள். சேலத்துப் பெண்ணாம்.

"ரெண்டு பேருன்னு இருக்குங்க சார். இன்னொருத்தங்க?"

"நான் மட்டுந்தாம்மா."

"அப்படின்னா அங்க உக்காந்துக்கறீங்களா?"

அவள் காட்டிய இடத்தில் நீளமாக ஒரு பலகை. உயரமான முக்காலிகள். அதில் நான்கு பேர் வரிசையாகச் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இன்னாசிமுத்து அந்தச் சுவரைப் பார்த்தார். நாற்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்து இந்தச் சுவரையா பார்ப்பது?

"இல்லம்மா. ரெண்டு பேருதான். அவ கை கழுவப் போயிருக்கா."

முதல் பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதில் அவருக்கே ஆச்சரியம். அவள் கை கழுவத்தான் போயிருக்கிறாள் என்று ஒரு நொடி அவரே நம்பினார். வினிதா சிரித்துக்கொண்டே கண்ணாடி ஓரத்து மேசைக்குக் கூட்டிப்போனாள். எதிர் எதிரே இரண்டு நாற்காலி. இரண்டு பக்கமும் கவிழ்த்து வைத்த தட்டு. தட்டின் பக்கத்தில் காகித உறையில் இரண்டு மூங்கில் குச்சி. வெளியே மேம்பாலத்தில் ஓசூர் பேருந்து ஒன்று போனது. அதற்குள்ளிருந்து யாரோ இந்தக் கண்ணாடியைப் பார்த்தபடி போனார்கள்.

அவர் உறையைப் பிரித்துக் குச்சியை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். தொழில் பழக்கம். பிசிறு இல்லை, வளைவு இல்லை. சாப்பிடுகிறவனுக்கு இது எதற்கு? மிளகாய்ச் செடிக்கு முட்டுக் கொடுக்க ஆகும். யாரும் பார்க்காதபோது சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

பரிமாறுகிறவன் பெயர் மஞ்சுநாத். துமகூர்க்காரன். சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதனால் எல்லாவற்றையும் முறையாகச் செய்தான்.

"மேடம் எல்லி சார்?" மேடம் எங்கே என்று கேட்டான்.

"பர்த்தாரெ, பர்த்தாரெ" என்றார் இன்னாசிமுத்து. வருகிறாள்.

"மேடம் வந்ததும் ஆர்டர் தரீங்களா?"

"நீ கொண்டாப்பா. அவளுக்கும் சேத்து நானே சொல்றேன்." இருபத்தெட்டு வருடத்தில் அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒரு தடவை கேட்டிருந்தால் இப்போது உதவியிருக்கும். அவர் படங்களின் மேல் விரலை ஓட்டி இரண்டு சூப்பு, ஒரு நூடுல்ஸ் என்றார்.

சூப்பு இரண்டும் சேர்ந்தே வந்தன. மஞ்சுநாத் ஒன்றை எதிர்ப் பக்கம் வைத்தான். அங்கே ஆள் இல்லாததால் மூடி போட்டு வைத்தான்.

அவர் தன்னுடையதைக் குடித்தார். எலுமிச்சைப் புல்லும் காரமுமாக, ஜலதோஷக் கஷாயத்தில் இறாலைப் போட்ட மாதிரி இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஐந்து நிமிடம் கழித்து மஞ்சுநாத் வந்தான். மூடி போட்ட கிண்ணத்தைக் கவலையோடு பார்த்தான். "ஆறிப்போகுது சார். சூடு பண்ணிக் கொண்டு வரட்டா?"

"வேணாம் வேணாம். இதோ வந்துருவா."

அவன் போனதும் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கிண்ணம் காலியாக இருந்தால் அவள் வந்து போனதாக ஆகிவிடும். எட்டி எடுக்கலாம் என்றால் மேசை அகலம். எழுந்து எதிர் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து மடமடவென்று குடித்தார். பாதி குடிக்கும்போது நிமிர்ந்து பார்த்தார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி எதிரே காலியாக இருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து பார்க்க அப்படித்தான் இருக்கும் என்று அவருக்கு இதுவரை தெரியாது. மீதியைக் குடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு எழுந்து தன் இடத்துக்குத் திரும்பினார்.

அடுத்த மேசையில் ஓர் இளம் தம்பதி. அந்தப் பெண் தன் கணவனிடம் மெதுவாக, ஆனால் அவருக்குக் கேட்கும்படி சொன்னாள். "அந்த அங்கிள் சீட்டு மாறி மாறி உக்காந்து தனக்குத்தானே கம்பெனி குடுத்துக்கறாரு, பாரு."

"சும்மா இரு. திரும்பாத."

மஞ்சுநாத் காலிக் கிண்ணத்தைப் பார்த்து முகம் மலர்ந்தான். "மேடம் வந்தாங்களா?"

"வந்தா. குடிச்சா. போயிட்டா."

"மறுபடியுமா? எங்க சார்?"

இதற்கு ஒரு காரணம் வேண்டும். பழுதான சக்கரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கிற மனிதர், தன் வாயிலிருந்து வந்ததைப் பரிசோதிக்காமல் அனுப்பிவிட்டார்.

"வயிறு கொஞ்சம் சரியில்லப்பா. அதான்."

மஞ்சுநாத் மனதுக்குள் கூட்டிப் பார்த்தான். சூப்பு குடித்தார்கள், வயிறு சரியில்லை, கழிப்பறைக்கு ஓடினார்கள். அவன் சமையலறைப் பக்கம் ஓடினான். ஒரு நிமிடத்தில் வினிதா வந்துவிட்டாள். பின்னால் வெள்ளைத் தொப்பியோடு சமையல்காரர்.

"சார், மேடத்துக்கு இறால் ஒத்துக்காதா? முன்னாடியே சொல்லக் கூடாதுங்களா?"

"இறாலெல்லாம் நல்லாவே சாப்பிடுவாம்மா. அது வேற. அவளுக்குக் காலையிலருந்தே..."

"காலையிலருந்தா? அப்ப சூப்புனால இல்லியே?" வினிதாவுக்கு மூச்சு வந்தது. "வாந்தி எதுனா எடுத்தாங்களா?"

"இல்லம்மா. நெஞ்சு லேசா வலிக்குதுன்னு..."

ஏன் அதைச் சொன்னார் என்று அவருக்குத் தெரியவில்லை. அன்று காலை மண்டபத்துக்குக் கிளம்பும்போது அவள் சொன்னது அது. வாயு பிடித்திருக்கும் என்று அவர் சொல்லியிருந்தார்.

"நெஞ்சு வலியா!" வினிதாவின் குரல் நான்கு மேசை தாண்டிக் கேட்டது. "செல்லிக்கா! செல்லிக்கா! லேடீஸ் டாய்லெட்ல போய்ப் பாருங்க, ஓடுங்க!"

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு பெண் ஓடினாள். ஓசூர்ப் பக்கம் உத்தனப்பள்ளிக்காரி. ஐம்பது வயது இருக்கும். ஓட்டல் திறந்த நாளிலிருந்து துப்புரவு வேலையில் இருப்பவள். ஓட்டலுக்கு வெளியே வராந்தாவின் கோடியில் கழிப்பறை. அங்கிருந்து கதவைத் தட்டும் சத்தமும் செல்லியின் குரலும் வந்தன.

"அம்மா! உள்ளாற யாரு? தாப்பாளத் தொறங்கம்மா! உங்க வூட்டுக்காரரு பயந்துனு இருக்காரு!"

கொஞ்ச நேரத்தில் ஜீன்ஸ் போட்ட பெண் ஒருத்தி கோபத்தோடு ஓட்டலுக்குள் வந்து, "எனக்குக் கல்யாணமே ஆகல. யாரு என்னோட வீட்டுக்காரர்?" என்று இங்கிலீஷில் கத்தினாள். எல்லோரும் இன்னாசிமுத்துவைப் பார்த்தார்கள்.

"இவங்க இல்ல" என்றார் அவர்.

"அது தெரியுதுங்க சார்" என்றாள் வினிதா. "செல்லிக்கா, நல்லாப் பாத்தீங்களா?"

"வேற யாரும் இல்ல. கீழ்மாடி டாய்லெட்டுலயும் பாத்துட்டு வரேன்" என்று செல்லி படியிறங்கிப் போனாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இன்னாசிமுத்துவுக்குத் தோன்றியது. சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அந்த வார்த்தையை இந்த ஒன்பது மாதத்தில் அவர் யாரிடமும் சொன்னதில்லை. போனில் சொன்னவள் ஃபெபா. கோயிலில் வாசித்தவர் பங்குச் சாமியார். ரேஷன் அட்டையில் பெயர் நீக்கப் போனபோதுகூட அவர் காகிதத்தைத்தான் நீட்டினார். இப்போது நூடுல்ஸுக்கு நடுவில், சமையல்காரரை வைத்துக்கொண்டு, முதல் தடவையாக எப்படிச் சொல்வது?

"அவ... கீழ எங்கயாச்சும் காத்தாட நிப்பா. நீங்க போய் வேலையப் பாருங்கம்மா."

"நெஞ்சு வலிக்கிற அம்மாவத் தனியா விட்டுட்டு வேலையப் பாக்கறதா? என்னா சார் பேசறீங்க!" வினிதாவுக்கு உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. "எங்கம்மா வயசு இருக்கும்ல அவங்களுக்கு?"

காவல்காரர் வந்தார். கையில் வயர்லெஸ். பெயர் கேட்டார். என்ன நிறச் சேலை என்று கேட்டார்.

"அரக்கு" என்றார் இன்னாசிமுத்து, யோசிக்காமல். "மாம்பழக் கலர் பார்டர். கையில கறுப்புப் பை."

காவல்காரர் அதை வயர்லெஸில் சொன்னார். ஒரு நிமிடத்தில் வளாகம் முழுதும் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. கன்னடத்தில், இங்கிலீஷில், கடைசியாகத் தமிழில் ஒரு பெண் குரல் சொன்னது.

"ஓசூரிலிருந்து வந்திருக்கும் திருமதி கிருபாராணி அவர்கள், எங்கிருந்தாலும் மூன்றாவது மாடிக்கு வரவும். உங்கள் கணவர் உங்களுக்காகக் காத்திருக்கிறார்."

துணிக்கடைகளுக்கு மேலே, நகரும் படிகளுக்கு மேலே, வண்டிகள் நிற்கும் அடித்தளம் வரை அந்தப் பெயர் போய் வந்தது. மூன்று தடவை சொன்னார்கள். அவள் வாழ்நாள் முழுக்க அவருக்காகக் காத்திருந்தவள். அவர் அவளுக்காகக் காத்திருப்பதாக உலகத்துக்கு அறிவித்தது இதுதான் முதல் தடவை. இன்னாசிமுத்து, தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமல், வாசலைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

யாரும் வரவில்லை.

அடுத்த மேசைப் பெண் இனியும் பொறுக்க முடியாமல் எழுந்து நின்றாள். "எக்ஸ்கியூஸ் மீ. இங்க எந்த லேடியும் வரவே இல்ல. அந்த சூப்ப இவர்தான் குடிச்சார். அந்தப் பக்கம் போய் உக்காந்து."

"நீ எதுக்கு இதுல எல்லாம்..." என்று அவள் கணவன் முந்தானையில்லாத இடத்தில் முந்தானையைப் பிடித்து இழுக்கப் பார்த்தான்.

சமையல்காரர் தொப்பியைக் கழற்றினார். காவல்காரர் ஓர் அடி முன்னால் வந்தார். இதுவரை பரிதாபமாக இருந்த அவருடைய பார்வை இப்போது வேறு மாதிரி ஆகியிருந்தது. கன்னடத்தில் மெதுவாகக் கேட்டார்.

"சார், மேடத்தை எங்கே விட்டீங்க?"

இந்தக் கேள்வியை அவர் தன்னிடமே ஒன்பது மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அதனால் பதில் தயாராக இருந்தது.

"மண்டப வாசல்ல."

"எந்த மண்டபம்? இங்க மண்டபமே இல்லியே?" என்றாள் வினிதா. "சார், அவங்க போட்டோ இருந்தாக் குடுங்க. கேமராவுல பாத்துருவோம்."

போனைத் திறந்தார். படங்களைத் தள்ளினார். ஏற்காட்டில் அவர் தனியாக. வேளாங்கண்ணிக் கடற்கரையில் அவர் தனியாக. வண்டிக்குப் பக்கத்தில் அவர். எல்லாப் படத்தையும் எடுத்தவள் கிருபாராணி. எடுக்கிறவள் படத்தில் எப்படி இருப்பாள்? அவள் முகம் இருந்தது ஒரே ஒரு படத்தில்தான். முப்பதாம் நாள் பூசைக்கு ஃபெபா அடித்த நினைவு அட்டையின் படம் அது. அவர் திரும்பி நின்று இரண்டு விரலால் அதை விரித்து, விரித்து, முகம் மட்டும் தெரிகிற மாதிரி ஆக்கி, போனைத் தட்டு ஏந்துவதுபோல் ஏந்தி நீட்டினார்.

"நல்ல முகம்" என்றாள் வினிதா. வாங்கினாள். வாங்கும்போது அவள் கட்டைவிரல் கண்ணாடியில் பட்டது. படம் சட்டென்று சுருங்கித் தன் பழைய அளவுக்குப் போனது. மேலே ஒரு சிலுவை தெரிந்தது. கீழே பிறந்த தேதியும் இன்னொரு தேதியும். அதற்கும் கீழே, நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே.

வினிதா அதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

அதே சமயம் சமையலறைக் கதவு திறந்தது. இந்தக் களேபரம் எதுவும் தெரியாமல், முன்பதிவில் இருந்தபடி, நான்கு பேர் கைதட்டிப் பாடிக்கொண்டு ஒரு கேக்கைக் கொண்டுவந்தார்கள். மெழுகுவர்த்தி எரிந்தது. கேக்கின் மேல் க்ரீமில் 'ஹேப்பி ஆனிவர்சரி' என்று போட்டு, அதன் கீழே இன்னாசி – கிருபா என்று எழுதியிருந்தார்கள். பிரதாப் பெயர்களைக்கூடப் போட்டிருக்கிறான். பாட்டு வினிதாவின் முகத்தைப் பார்த்ததும் ஒவ்வொரு குரலாக நின்றது. கடைசியில் ஒருவன் மட்டும் தெரியாமல் இன்னும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கையை இறக்கினான்.

"எப்ப சார்?" என்றாள் வினிதா.

"ஒன்பது மாசம் ஆச்சும்மா." பிறகு, அந்த வார்த்தையை ஒருவழியாகச் சொன்னார். "செத்துப்போயிட்டா."

மஞ்சுநாத்துக்கு அரைகுறைத் தமிழ்தான் தெரியும். ஆனாலும் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தான்.

"அப்ப எதுக்கு சார் ரெண்டு பேருன்னு..."

"ஒருத்தன்னா செவுத்தப் பாத்து உக்கார வெக்கிறீங்களேம்மா" என்றார் இன்னாசிமுத்து. "அவ இந்த ஓட்டலுக்குள்ள வந்ததுகூட இல்ல. பஸ்ஸுல போறப்ப வெளிய இருந்து பாத்ததுதான். ஆறு வருஷமாக் கேட்டா. கூட்டிட்டு வரல. அதான் இன்னிக்கு... தொந்தரவு குடுத்துட்டேன். எல்லாரும் மன்னிச்சுக்கங்க."

அடுத்த மேசைப் பெண் உட்கார்ந்துவிட்டாள். காவல்காரர் வயர்லெஸில் ஏதோ சொல்லத் தொடங்கி, என்ன சொல்வது என்று தெரியாமல் அணைத்தார். வினிதா நாற்காலியை அவருக்காக இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார். எவ்வளவு நேரம் வேணுன்னாலும் இருங்க" என்றாள். அவர் உட்கார்ந்தார். அசிங்கப்பட்டாலும் மனசு லேசாகத்தான் இருந்தது. சொல்லியாகிவிட்டது. வந்தாகிவிட்டது. எதிர்ப் பக்கத்துத் தட்டு மட்டும் கவிழ்த்தபடியே இருந்தது.

செல்லி மூச்சு வாங்கப் படியேறி வந்தாள். கீழ்மாடியிலும் தேடிவிட்டு வருகிறாள். இங்கே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. எழுதப் படிக்கவும் தெரியாது. வினிதாவின் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தாள்.

"அட, இந்தம்மாவா? இந்தம்மாவையா இவ்ளோ நேரம் தேடறீங்க? பேரு சொன்னா எனக்கின்னா தெரியும்? மூஞ்சியக் காட்டியிருந்தா மொதல்லயே சொல்லியிருப்பேனே!"

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்றாள் வினிதா.

"நீ போன மாசந்தான வந்த, உனக்குத் தெரியாது. மாசா மாசம் மொத சனிக்கெழம வரும். இப்பக் கொஞ்ச மாசமாத்தான் காணோம். நம்ம பக்கந்தான், ஓசூரு. எங்கிட்ட நல்லாப் பேசும். இதே கண்ணாடி ஓரம், இதே டேபிளு. இதே சூப்புதான் குடிக்கும். போறப்ப குச்சிய மட்டும் செடிக்கு ஆகும்னு பையில போட்டுக்கும். ஒத்தையாத்தான் வரும், ஆனா ரெண்டு தட்டு வெக்கச் சொல்லும். எதிர்த் தட்ட எடுக்கப் போனா விடாது. 'எடுக்காதம்மா, அவரு வண்டிய நிறுத்திட்டு வர்றாரு'ன்னு சொல்லும். நானும் மூணு வருஷமாப் பாக்கறேன், ஒருத்தரும் வந்ததில்ல."

இன்னாசிமுத்துவின் கை சட்டைப் பைக்குப் போனது. அங்கே குச்சிகள் இருந்தன.

செல்லி அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஏற இறங்கப் பார்த்தாள். அவள் முகம் சந்தோஷத்தில் விரிந்தது.

"அந்த அவரு நீங்கதானா? வண்டி நிறுத்த இப்பத்தான் எடம் கெடச்சுதுங்களா?"